ஏறாத முள்

செல்ஃப் அடித்ததும் லாரி இன்ஜின் முனகிக்கொண்டே சுற்றியது. ஆயில் அழுத்தம் காட்டும் முள் மட்டும் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. அவள் சாவியை விட்டாள். டீசல் போகாமலிருக்க ஸ்டாப் குமிழை இழுத்து வைத்திருந்தார்கள். முதலில் எண்ணெய் மேலே ஏறட்டும், பிறகு ஓடவிடலாம் என்பது ஏற்பாடு. எண்ணெய்தான் வருவேனா என்றது.

"இன்னொரு தடவ அடி," என்றான் கணவன் கீழிருந்து.

"செல்ஃப் மோட்டார் கொதிக்குது. கருக வைக்கவா?"

லோடுக்குத் தார்ப்பாய் கட்டும்போது மேலிருந்து விழுந்து, அவனுடைய வலது கை மாவுக்கட்டில் இருந்தது. அதே வாரம் லாரியின் ஆயில் பம்பும் படுத்தது. மெக்கானிக் அடுத்த மாதம்தான் கை வைக்க முடியும் என்றுவிட்டார். அதுவரை பொறுக்க முடியாதென்று செங்கல் சூளைக்காரர் சொல்லிவிட்டார்; நாளைக்கு லாரி வராவிட்டால் அந்த வேலை வேறு வண்டிக்கு. அதனால் இவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இவள் அடியில் படுத்துக் கழற்றினாள். பம்பு மாட்டியாயிற்று. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சேம்பரையும் ஏற்றியாயிற்று. ஃபில்டரில் விளிம்புவரை எண்ணெய் ஊற்றித்தான் முறுக்கினாள். முள்ளுக்குப் போகும் குழாயைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஆயில் கேனால் பீய்ச்சியும் பார்த்தாள். குழாயைத் திரும்ப மாட்டி அடித்தபோது முள் ஒருமுறை துள்ளியது, அப்படியே செத்தது.

முழங்கை தோலுரிந்திருந்தது. கண்ணுக்குள் விழுந்த எண்ணெயும் துருவும் இன்னும் உறுத்தின. இத்தனைக்கும் பிறகு அவன் கேட்டது, "சரியா முறுக்கினியா?"

"நீங்க சொன்ன மாதிரிதான் முறுக்கினேன்."

"நான் சொன்ன மாதிரி செஞ்சிருந்தா இந்நேரம் ஏறியிருக்கும்."

அவள் இறங்கி, கைகழுவப் போனாள். சோப்புக்கு மசியாத கறுப்பு நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. திரும்பி வந்தபோது அவன் எப்படியோ தொற்றி ஏறி ஓட்டுநர் இருக்கையில் இருந்தான். இடது கை ஸ்டாப் குமிழை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

"என்ன பண்றீங்க?"

"ஓடவிட்டா தானா ஏறும். வேகமா சுத்தணும், அவ்வளவுதான்."

"ஏறலன்னா? பேரிங் எல்லாம் காய்ஞ்சு கெடக்கு. ஒரே நிமிஷத்துல இறுகிப் பிடிச்சுக்கும்."

"எனக்கே இன்ஜின் சொல்லித் தர்றியா?"

அவள் வண்டியின் பக்கவாட்டுக்கு ஓடினாள். அவன் சாவியைத் திருப்புவதற்குள் பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். சாவி 'டிக்' என்றுகூடச் சொல்லவில்லை. அவன் ஹாரனை அழுத்தினான், அதுவும் ஊமை. கத்தினான். அவள் அம்மா வீட்டுவரை இழுத்துக் கத்தினான். அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் புகுந்தாள்.

எண்ணெயை வடித்து, போல்ட்டுகளைத் திரும்பவும் ஒவ்வொன்றாகக் கழற்றும்போது அழுகை வந்தது. துடைத்தால் கண்ணில் எண்ணெய் படும் என்று ஓடவிட்டாள். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் உறிஞ்சினால் காற்றுதானே வரும் என்று கைகழுவும்போதே தோன்றியிருந்தது. சேம்பர் இறங்கியதும் நேராக, பம்புக்கு எண்ணெயை இழுக்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றினாள். அதன் வாயிலிருந்த ரப்பர் வளையம் தொட்டதுமே இரண்டாகப் பிரிந்தது. "பழைய ரிங்கே போதும், புதுசு தடிமனா இருக்கு," என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

வெளியே வந்து, துண்டுகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவன் பார்த்தான். இருக்கையிலிருந்து மெல்ல இறங்கி, பம்போடு வாங்கிய பேக்கிங் செட்டின் கவரைப் பல்லால் கிழித்தான். புது வளையத்தை எடுத்து எண்ணெயில் தோய்த்துக் கொடுத்தான்.

"மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்," என்றான்.

"கேட்டா மட்டும் போல்ட் தானா ஏறிக்குமா? அந்த டார்ச்சப் பிடிங்க."

மறுபடி எல்லாம் மாட்டி, எண்ணெய் ஊற்றி, ஒயரையும் இணைத்தபின் இருக்கையில் அவள்தான் ஏறினாள். ஸ்டாப்பை இழுத்துச் செல்ஃப் அடித்தாள். இன்ஜின் சுற்றியது. ஒன்றுமில்லை. விட்டு, மறுபடி அடித்தாள். முள் நடுங்கியது. எழுந்தது. எழுந்த இடத்திலேயே நின்றது.

ஸ்டாப்பைத் தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு உதறு உதறி ஓடத் தொடங்கியது. கரும்புகை கலைந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நின்றிருந்தான். வாய் அசைந்தது. வைகிறானா, வேறு ஏதாவது சொல்கிறானா, இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜினை நிறுத்தினால் கேட்கலாம். அவள் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.