எழுபதாம் ஆண்டில் மூன்று நாள்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் டைம் ஆபீசில் வருகைப் பதிவு பார்ப்பது என் வேலை. 2012 நவம்பரில் ஒரு காலை, அசெம்பிளி லைனில் இருந்த இசக்கிசெல்வி என் மேசை முன் வந்து நின்றாள். கையில் இரண்டு வருட நாள்காட்டித் தாள்கள். வேலைக்கு வந்த நாட்களையெல்லாம் பேனாவால் வட்டமிட்டிருந்தாள்.

"நானூத்தி எண்பது சார். மூணு தடவ எண்ணிட்டேன்."

இரண்டு வருடத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவரைச் சட்டப்படி நிரந்தரமாக்க வேண்டும். அவளுக்கு அன்றோடு இரண்டு வருடப் பயிற்சி முடிந்தது. என் திரையில் 477.

அந்த மூன்று நாள் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். ஜூனில், விரல் வைத்து வருகை பதியும் பஞ்ச் மெஷினின் பேட்டரி செத்து, அதன் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியது. மெஷினுக்குத் தேதி தெரியாது. 1970 தொடங்கியதிலிருந்து எத்தனை விநாடி கடந்தது என்ற ஒரே எண்ணைத்தான் அது வைத்திருக்கும். பூஜ்யம் என்றால் நம் ஊர்க் கணக்கில் 1970 ஜனவரி முதல் தேதி, காலை ஐந்தரை மணி. மூன்று நாள் கழித்துச் சரிசெய்யும்வரை அவள் விரல் வைத்ததெல்லாம் அந்த வருடத்தில் பதிவாகியிருந்தது.

எச்.ஆர். அதிகாரி தாண்டவராயன் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, எழுபதுலயே டியூட்டிக்கு வந்துக்கினு இருந்தியா?"

"எழுபதுல எங்க அம்மையே பொறக்கல சார். நான் லைன்லதான் நின்னேன். சூப்பர்வைசர்ட்ட கேளுங்க."

"அவன் வாய் ரெக்கார்டா? சிஸ்டத்துல இன்னா கீதோ அதான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார். மாத்த முடியாதா?"

கடிகாரம் எத்தனை விநாடி பின்தங்கியதோ, அந்த ஒரே எண்ணை ஒவ்வொரு பதிவோடும் கூட்டினால் போதும். பத்து நிமிட வேலை. ஜூனிலேயே அதிகாரிகள் எல்லாருக்கும், தாண்டவராயனுக்கும், நான் கூட்டிக் கொடுத்திருந்தேன். "டிரெய்னிங்ல கீறவங்களது அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அவர். ஏன் என்று நான் கேட்கவில்லை.

திரையில் அந்த மூன்று நாள் பதிவுகளை மேலும் கீழும் நகர்த்தினேன். நான் யோசிக்கிறேன் என்று நினைத்து அவள் காத்திருந்தாள்.

"முடியாதும்மா."

வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதத்தைத் தாண்டவராயன் அவள் முன் நகர்த்தினார். கையெழுத்திட்டாள்.

"கீழ தேதி போடு."

பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் கேட்டாள். "எந்த வருசம் போட சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.