ஒத்தப்பல்லனின் பதினைந்தாவது சண்டை

ஒத்தப்பல்லன் அதுவரை பதினாலு சண்டை போட்டிருந்தான். பன்னிரண்டில் வெற்றி. முதல் தோல்வி, பேட்டரி வயர் கழன்றதால். இரண்டாவது, எதிராளி புரட்டிப் போட்டதும் மல்லாந்த கரப்பான்பூச்சி மாதிரி கிடந்ததால். அந்த வாரமே அக்கா அவன் உடம்பைத் தட்டையாக்கி, சக்கரங்களைப் பெரிதாக்கி, தலைகீழாகக் கிடந்தாலும் ஓடுகிற மாதிரி மாற்றிவிட்டாள். அதற்கப்புறம் அவனை எவனாலும் அசைக்க முடியவில்லை.

பதினைந்து கிலோ ரோபோ. முன்னால் ஒரு இரும்பு உருளை, நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்று. மற்றவர்கள் உருளையில் இரண்டு பல் வைப்பார்கள். அக்கா ஒன்றுதான் வைத்தாள். ஒற்றைப் பல் என்றால் ஆழமாகக் கடிக்கும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் பல் இருந்தால் சுற்றும்போது உதறித் தள்ளாதா? அதற்குத்தான் மறுபக்கம் ஒரு இரும்புக் கட்டி. அந்தக் கட்டியின் எடையைச் சரியாகக் கொண்டுவர மட்டும் நாலு மாதம் ஆனது. மற்ற நாளெல்லாம் ஒர்க்‌ஷாப் லேத்தில் போல்ட் கடைந்தவள், லீவு நாளெல்லாம் இதைக் கடைந்தாள்.

தம்பி? தம்பி ரிமோட் பிடித்தான். நன்றாகவே பிடித்தான், அதில் குறை சொல்லக்கூடாது. ஒவ்வொரு சண்டைக்கும் ஃபாரம் நிரப்புவதும் அவன்தான். அக்காவின் கையில் எந்நேரமும் கிரீஸ்.

இறுதிப்போட்டி அன்று நடுவராக வந்தவர் ஒரு பெரிய மெஷின் கம்பெனியின் தலைமை எஞ்சினியரம்மா. மைக்கைப் பிடித்துச் சொன்னார்: ஜெயிக்கிற ரோபோவை வடிவமைத்தவருக்கு அவர்கள் டிசைன் பிரிவில் வேலை. ஒன்பது வருஷமாக யாரோ வரைந்து கொடுத்ததைக் கடைகிறவளுக்கு, தானே வரைகிற நாற்காலி! அடுத்த நிமிஷம் பெரிய திரையில் விவரம் வந்தது. ஓட்டுநர்: தம்பி. வடிவமைப்பு: தம்பி. தலை வாரி, பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு போட்டோ வேறு.

"என்னடா இது?"

"எதைக் கேக்கறக்கா?"

"என் பேர் எங்கடா?"

"முதல் தடவை அவசரத்துல அப்படி எழுதிட்டேன்க்கா. அப்புறம் அதுவே பழகிடுச்சு."

"பதினாலு தடவையுமா பழகிச்சு?"

"நமக்குள்ள உன் பேரு என் பேருன்னு என்னக்கா இருக்கு? வேலை கெடைச்சா நம்ம வீட்டுக்குத்தானே?"

"அந்த நாற்காலில வீடா வந்து உக்காரும்? நீதானேடா உக்காருவ!"

அங்கேயே நாலு அறை விட்டிருப்பாள். அதற்குள் எடை பார்க்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நூற்று நாற்பது கிராம் கூடுதல். அரையிறுதியில் கிழிந்த இடத்தில் அவள் பற்றவைத்த ஒட்டுத் தகட்டின் எடை. பின்பக்கத் தகட்டில் ஓட்டைகள் போட்டால் தீர்ந்தது. கோபம் கோபம், வேலை வேலை. பெரிய டிரில் பிட் கேட்டு அரங்கின் அந்தக் கோடிக்குப் போனாள். எதையும் தொடாதே என்று அவனிடம் சொல்லாமல் போனாள் பாருங்கள், அதுதான் தப்பு.

திரும்பி வந்தபோது ஒத்தப்பல்லன் எடை தேறியிருந்தான். தம்பி கையில் இரும்பு தேய்க்கிற கிரைண்டர், முகத்தில் இளிப்பு.

"முடிச்சுட்டேன்க்கா. உருளைல சும்மா துருத்திக்கிட்டு இருந்துச்சே ஒரு கட்டி, அதைத் தேய்ச்சு எடுத்துட்டேன்."

"அடப்பாவி!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு, எடை பார்த்த பரிசோதகரிடம் ஓடினாள். "சார், அந்த உருளை இப்ப சுத்துச்சுன்னா தானே பிச்சுக்கிட்டுப் போயிடும். ஒரு மணி நேரம் தள்ளி வைங்க."

"நீங்க யாரும்மா?"

"இதைச் செஞ்சவ."

அவர் தாளைப் பார்த்தார். "இதுல உங்க பேர் இல்லையே. வடிவமைச்சவர் சொன்னாத்தான் தள்ளி வைக்க முடியும்."

வடிவமைத்தவர் பின்னாலேயே வந்து நின்றார். "அக்காவுக்கு என்மேல கோபம் சார், வேற ஒண்ணுமில்ல. நல்லா ஓடும்."

சண்டை பதினொரு விநாடி. உருளை வேகம் பிடிக்கப் பிடிக்க ஒத்தப்பல்லன் தரையில் தடதடவென்று ஆடினான். உருளையைத் தாங்கிய பேரிங் தெறித்தது, உருளை கழன்று கண்ணாடித் தடுப்பில் மோதியது. எதிராளி பக்கத்தில்கூட வரவில்லை. கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அக்காவின் காதில் காய்ச்சிய ஈயமாக இறங்கியது.

எஞ்சினியரம்மா வந்தார். உடைந்த உருளையைக் காலால் தள்ளிப் பார்த்தார். "யாரும் தொடாமலே உடையுது. என்ன டிசைன்ப்பா இது?"

தம்பிக்குக் கொஞ்சமும் வாய் கூசவில்லை. "டிசைன் எல்லாம் அக்காவோடது மேடம். நான் ஓட்டறது மட்டும்தான்."

"அப்போ தாளைத் திருத்திடவா?" என்றார் பரிசோதகர்.

"திருத்திடுங்க சார்."

"ஜெயிச்சா நீ, தோத்தா நானாடா?" அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் ஸ்பேனரைக் கீழே வைத்தார்கள். "சார், பழைய பதினாலு தாளையும் எடுங்க. அதுலயும் என் பேரை எழுதுங்க!"

"அதெல்லாம் முடிஞ்சுபோன கணக்கும்மா. இன்னைக்குத் தாள்ல மட்டும்தான் கை வைக்க முடியும்."

எஞ்சினியரம்மா அதற்குள் ஜெயித்தவன் மேசைக்குப் போய்விட்டார். அங்கே கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்தாள். பிறகு பரிசோதகர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

"குடுங்க, நானே எழுதறேன்."

வடிவமைப்பு என்ற இடத்தில் தம்பி பேரை அடித்துவிட்டுத் தன் பேரை எழுதினாள். கிரீஸ் அப்பிய எழுத்து. கீழே கையெழுத்தும் போட்டாள். பிறகு உடைந்த உருளையைப் பொறுக்கி ஒத்தப்பல்லன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.

"எங்கக்கா தூக்கிட்டுப் போற?"

"பதினாலும் உன்னோடது, வச்சுக்கோ. தோத்துப்போன இது என்னோடது. நீயே சொல்லித் தாள்லயும் ஏறிடுச்சு. தள்ளு."

"அக்கா, அடுத்த மாசப் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேன். ரோபோவுக்கு நான் எங்கக்கா போவேன்?"

"பதினாலு தடவை செஞ்சவன் நீதானேடா," என்றாள் அக்கா. "இன்னொண்ணு செஞ்சுக்கோ."