மறு உத்தரவு வரும் வரை

செங்கல்பட்டு மங்களாம்பாள் அறக்கட்டளை நூலகத்தில் ஓவியப் புத்தகங்கள் முதன்முதலில் இல்லாமல் போனது 1993ஆம் வருஷம் ஆடி மாதம். திருட்டு இல்லை. பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள், நூலகர் தெய்வநாயகி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டாம் தட்டுப் புத்தகங்கள் வெளுத்து, மெலிந்து, அப்படியே காலியாகிவிட்டன. பொங்கலுக்கு முந்தின வாரம் திரும்பி வந்தன. முதுகு மடிப்புகளில் கடல் மணல் இருந்தது. தெய்வநாயகி தட்டிவிட்டு அடுக்கி வைத்தாள். அந்த வருஷம் ஏரியில் தண்ணீர் சுமார்தான்.

புத்தகங்கள் கடப்பாக்கத்தில் வாழ்ந்த ஓவியர் ஹரிகிருஷ்ணனுடையவை. எழுபதுகளில் அவரும் கூட்டாளிகளும் திருவிடந்தைக் கடற்கரையில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு கண்காட்சி நடத்தினார்கள். வந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் வலை காயவைக்க இடம் கேட்டு வந்தவர்கள். அந்தக் கண்காட்சிக்கு அச்சடித்த கையேட்டில் மிஞ்சியது ஒரே பிரதி. அவர் இறந்ததும் வீட்டார் அதையும் மற்றதையும் மூட்டை கட்டி நூலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அறக்கட்டளையின் செயலாளர், ஓய்வுபெற்ற தாசில்தார் வெங்கடராகவன், ‘தற்காலக் கலை’ என்று அலமாரிக்கு ஒரு போர்டு எழுதச் சொன்னார். எழுத வந்த சுப்பிரமணி அந்த வருஷம் முழுக்கத் தற்காலிகப் பாதை, தற்காலிகச் சந்தை என்றே எழுதிக்கொண்டிருந்தவர். கை தன் பாட்டுக்குப் போயிற்று. லகரத்தின் தலையில் ஒரு கொக்கி, பக்கத்தில் கூடுதலாக ஒரு ககரம். தற்காலிகக் கலை. மனிதர்கள் யாரும் கவனிக்கவில்லை. புத்தகங்கள் மட்டும் போர்டுக்குக் கட்டுப்பட்டு நடந்தன. வெங்கடராகவன் முதலில் தெய்வநாயகியைச் சந்தேகப்பட்டார், பிறகு எலியை, பிறகு பூட்டை. மூன்றும் காரணமில்லை என்று ஆனதும், யாராவது கேட்டால் ‘தற்சமயம் இல்லை’ என்று சொல்லிவிடும்படி உத்தரவிட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்.

1997இல் கேட்க ஒருத்தி வந்து சேர்ந்தாள். ரோகிணி, கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் பெண், இந்தக் கடற்கரையின் தற்கால ஓவியர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசைப்பட்டவள். ஆசைப்பட்டது தப்பு. மாமல்லபுரம் பக்கத்துக் கலை என்று வாயைத் திறந்தாலே எல்லா நூலகத்திலும் பல்லவர்களைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினார்கள். இது வேண்டாம், இப்போது இருப்பவர்கள் வரைவது வேண்டும் என்றால், “அவங்கள்லாம் இன்னும் சாகலையேம்மா, எப்படிப் புஸ்தகம் வரும்?” என்று கேட்டார் ஒருவர். பொத்தேரியில் இன்டர்நெட் கடை திறந்ததும் அங்கே ஓடினாள். கடைக்காரர் ‘ஆர்ட்’ என்பதை ‘ஹார்ட்’ என்று தட்டி, இருதய ஆஸ்பத்திரி விலாசங்களை எடுத்துக் கொடுத்து, வீட்டில் யாருக்கு என்று அக்கறையாக விசாரித்தார்.

கடைசியில் செங்கல்பட்டில் அந்தக் கையேட்டைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பறந்தாள். அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கையில் அலமாரியில் கையேடு மறைந்தது. பையில் இருந்த ஜெராக்ஸும் கூடவே வெளுத்துவிட்டது. நெறியாளர் ஜெயகிருஷ்ணன் வெள்ளைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல என்னம்மா இருக்கு?”

“இருந்தது சார்.”

“இருந்ததுக்கு ஆதாரம்?”

அந்தக் கண்காட்சி நடந்தது என்பதற்கே வேறு ஆதாரம் கிடையாது. கையேட்டைக் கண்ணால் பார்க்காமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதன்பின் மூன்றரை வருஷம், திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, காலித் தட்டைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே திரும்பினாள். அவள் பரீட்சை மேற்பார்வைக்குப் போகும் வாரங்களாகப் பார்த்துப் புத்தகங்கள் வந்து போயின.

“நேத்து வந்துருக்கலாம்ல மேடம்? வெளக்கு வெக்கிற வரைக்கும் இங்கதான் இருந்துச்சு” என்பாள் தெய்வநாயகி.

“ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா?”

“பண்ணேன். உங்கம்மா எடுத்தாங்க. நல்ல வரன் எதுனா இருந்தா சொல்லுன்னு ஜாதக விவரம் ஃபுல்லா சொல்லிட்டு வச்சுட்டாங்க.”

பதிவுக் காலத்தை இரண்டு முறை நீட்டித்தாயிற்று. 2001 ஏப்ரலுக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, படித்ததெல்லாம் வீண். மார்கழியில் ஒருநாள் காலித் தட்டுக்கு முன்னால் நின்று, கடவுளைத் திட்டுவதற்காக அண்ணாந்தவளின் கண்ணில் போர்டு பட்டது. நூலகமே அதிரும்படி கத்தினாள். இத்தனை வருஷமாக இருக்கும் போர்டுக்கு இப்போது என்ன அவசரம் என்றார் வெங்கடராகவன். அவள் நகரவில்லை. சுப்பிரமணியை வரவழைத்தார்கள்.

“இன்னா மேடம், ஒரு எழுத்து சாஸ்தியாத்தானே கீது, கம்மியாவா பூட்ச்சி? இதுக்கு இம்மாம் பேஜாரா?” என்று முனகிக்கொண்டே ஏணியில் ஏறி, கொக்கியையும் ககரத்தையும் அழித்துச் சரிசெய்தார்.

தற்காலக் கலை என்று போர்டு திருந்தியது. அதோடு மற்ற தட்டுகளில் இருந்த புத்தகங்களும் போய்விட்டன. அந்த வாரம் சென்னையில் நடக்க இருந்த ஒரு கண்காட்சியின் அழைப்பிதழ் மட்டும் தட்டில் கிடந்தது. அடுத்த வாரம் அதுவும் இல்லை. தற்காலம் என்றால் தற்காலம்தான், எழுபதுகளில் வரைந்ததற்கு அங்கே என்ன வேலை? மாசி வரை காத்திருந்தார்கள். ஒரு தாள்கூடத் திரும்பவில்லை. முன்பாவது வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. ரோகிணி வாசிப்பு மேஜையில் தலையைக் கவிழ்த்து, வெட்கத்தை விட்டு அழுதாள். வேலைவாய்ப்புச் செய்தி படிக்க வந்தவர்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

தெய்வநாயகிக்குத் தேற்றத் தெரியாது. அவளுக்கு அவள் வயிற்றெரிச்சல். “சும்மா அழுதுகினு இருக்காதீங்க மேடம். உங்களுக்கு நாலு வருஷம். நான் எண்பத்தொம்போதுல தற்காலிகமா சேந்தவ. மறு உத்தரவு வரும் வரைன்னு ஆர்டர்ல போட்டாங்க. அந்த மறு உத்தரவும் வரல, நானும் போவல. இன்கிரிமென்ட் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இங்கயேதான் கெடக்குறேன்.”

ரோகிணியின் அழுகை பாதியில் நின்றது. எழுந்து, முகத்தைக்கூடக் கழுவாமல், சுப்பிரமணியைத் தேடி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனாள். அழித்ததைத் திரும்பப் போட வேண்டும், கீழே இன்னொரு வரியும் எழுத வேண்டும் என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, படித்த பிள்ளைகளிடம் வாதாடக் கூடாது என்று பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

தற்காலிகக் கலை (மறு உத்தரவு வரும் வரை).

பெயின்ட் காய்வதற்குள் புத்தகங்கள் வந்துவிட்டன, எல்லாத் தட்டிலும், மணலோடு. கையேடு நடுவில் இருந்தது. ஜெயகிருஷ்ணன் சென்னையிலிருந்து ரயிலில் வந்து, தும்மிக்கொண்டே அதைக் கடைசிப் பக்கம் வரை படித்து, அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்த அலமாரியை எதுவும் அசைக்கவில்லை. 2005 மழையில் நூலகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது அடித்தட்டுகூட நனையவில்லை. அடுத்த வருஷம் ‘நிரந்தரக் குறிப்புதவிப் பிரிவு’ என்ற எதிர் அலமாரியைக் கரையான் முழுசாகத் தின்றது. இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 2008இல் அறக்கட்டளைக்குத் திடீரென்று மனம் இளகி, தெய்வநாயகியை நிரந்தரமாக்கலாம் என்று வெங்கடராகவன் சொன்னபோது, “நான் இன்னா தப்பு செஞ்சேன் சார்?” என்று அவள் பதறிப்போனாள். அந்தப் பேச்சு அதோடு கைவிடப்பட்டது.

ரோகிணி ஆய்வேட்டைக் கெடுவுக்குள் கொடுத்தாள். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் பல்கலைக்கழகம் அவளுக்குத் தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கொடுத்தது. நிரந்தரச் சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஒரிஜினலை எப்போது வாங்கப் போகிறாய் என்று அம்மா வருஷாவருஷம் நச்சரிக்கிறாள். ரோகிணியோ தற்காலிகச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, கீழே சின்னதாக ஒரு வரி எழுதும்படி சுப்பிரமணிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.