அணைஞ்ச மெழுகுவத்தி

அம்மா, கை ஓடல, அதான் பேசியே அனுப்புறேன். கடைசி வரைக்கும் கேளு, பாதியில அக்காவுக்குப் போன் போட்டுடாத.

நான் வேலை பார்க்கிற பிரேம் கடையில ஒரு ஓவியம் சும்மா கிடந்துச்சு. ஒரு மேசை, அது மேல பாதி தோல் சீவின எலுமிச்சம்பழம், பாதி குடிச்ச கண்ணாடி டம்ளர், அணைஞ்ச மெழுகுவத்தி. முதலாளி எடுத்துக்கோன்னாரு. அழகா இருக்கேன்னு அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். அது போய்ச் சேர்ந்த அன்னைக்கா அவ மாமனாருக்கு நெஞ்சு வலி வரணும்!

அவ மாமியார், அதான் அத்தை, படத்தைச் சுவர் பக்கமா திருப்பி வெச்சுட்டாங்க. "ஆஸ்பத்திரியில கிடக்கிற மனுஷன் வீட்டுக்கு இதையா அனுப்புவான் உன் தம்பி?"ன்னு கேட்டதோட சரி. அப்புறம் அக்காகூடப் பேச்சே இல்ல. அக்கா அழுறா. எனக்குச் சோறு இறங்கல.

முதலாளிகிட்ட அர்த்தம் கேட்டேன். மனுஷன் கூலா சொல்றாரு: "பழைய ஓவியத்துல அணைஞ்ச மெழுகுவத்தின்னா, உயிர் எப்ப வேணா போயிடும்னு அர்த்தம்பா." இதை அத்தைகிட்ட சொல்லவா முடியும்!

அனுப்புறதுக்கு முன்னாடி படத்தைப் போன்ல எடுத்து வெச்சிருந்த போட்டோவைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தேன். மேசை ஓரத்துல இளவெயில் விழுந்திருக்கு. திரியில இன்னும் புகை. உடனே வீடியோ கால் போட்டு, அக்காவைப் படத்தைத் திருப்பச் சொன்னேன்.

"அத்தை, திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க. ஆனா அந்த மெழுகுவத்தி தானா அணையல. விடிஞ்சிருச்சுன்னு யாரோ ஊதியிருக்காங்க. வெயிலைப் பாருங்க."

அத்தை கண்ணாடி போட்டுக்கிட்டு கிட்டப் போனாங்க.

"ஊதினவங்க எங்கப்பா?"

"தெரியலயே அத்தை."

"பொம்பளைதான். ஆம்பளைன்னா டம்ளரைக் காலி பண்ணிட்டுல்ல எழுந்திருப்பான்."

அக்கா பக்குன்னு சிரிச்சுட்டா. அத்தை சிரிக்கல.

"உள்ளேருந்து யாரோ கூப்பிட்டிருப்பாங்க. பழத்தையும் முடிக்கல, குடிச்சும் முடிக்கல. ஒரு நிமிஷம் உட்கார விட்டாத்தானே." குரல் உடைஞ்சுபோச்சும்மா. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அவங்கதானே அலையுறாங்க.

அக்கா சேரை இழுத்துப் போட்டா. "உட்காருங்க அத்தை. மாமாவுக்குச் சாப்பாடு இன்னைக்கு நான் கொண்டு போறேன்."

"உப்பு கம்மியா போடணும்."

"தெரியும் அத்தை."

"என்னத்தைத் தெரியும்? நேத்து வெச்ச ரசம் கடல் தண்ணி மாதிரி இருந்துச்சு."

அத்தை உட்கார்ந்துட்டாங்க. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. திட்டிட்டாங்கம்மா! பேசாம இருந்ததுக்கு இது எவ்வளவோ தேவலை.