பஞ்சு படிந்த சென்சார்

தாய்மாமன் சீர் ஏற்றிய வண்டி, டவுன் பஸ்ஸுக்கெல்லாம் வழிவிட்டு ஓரமாக ஊர்ந்து போக வேண்டிவரும் என்று ஆத்தப்பன் கனவிலும் நினைத்ததில்லை. நல்லூரிலிருந்து பொங்கலூர் மண்டபத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். அன்று ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. டிரைவர் வேல்குமார் எவ்வளவு மிதித்தாலும் வண்டி இருபதைத் தாண்டவில்லை. தங்கை மகள் தேஜஸ்ரீயின் கல்யாணம். சீர்த்தட்டு வரவேண்டிய நேரத்தில் மண்டப வாசலில் மேளக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தங்கையின் கணவர் ஆறுச்சாமி நான்கு முறை போன் செய்தார். அதற்கப்புறம் செய்யவில்லை. அதுதான் ஆத்தப்பனுக்குச் சுருக்கென்றது.

பத்து நாளைக்கு முன்பும் இதே விளக்கு எரிந்து, இதே தொல்லை வந்து, மெக்கானிக் டேனியல் ஒரு சென்சாரை மாற்றியிருந்தார். இன்ஜினுக்குள் போகிற காற்றை அளந்து சொல்லும் சாமான் அது. புதிது மாட்டிப் பத்தே நாளில் பழைய கதை.

பந்தியில் ஆறுச்சாமி எதிரே வந்து நின்றார்.

"ஏனுங் மச்சான், வண்டிய ஓட்டிட்டு வந்தீங்களா, தள்ளிட்டு வந்தீங்களா?"

நாலு பேர் சிரித்தார்கள். ஆத்தப்பன் இலையிலிருந்து கையை எடுத்தார்.

"அந்த டேனியல் பழைய சாமானத்தைப் புதுசுன்னு மாட்டி உட்டுட்டான் மாப்பிள்ளை. ஏமாத்திப் பொழைக்கறவங்கிட்ட வண்டியக் கொடுத்தது என் தப்பு."

அவர் ஒன்று சொன்னால் சொந்தபந்தத்தில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. நிலத் தகராறுக்கும் பாகப் பிரிவினைக்கும் அவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறவர்கள்தான் அந்தப் பந்தியில் பாதிப்பேர். அந்த வாரத்திலேயே உறவுக்காரர்களின் வண்டிகள் டேனியலின் ஷெட்டுக்கு வருவது நின்றது. பானட்டைத் திறந்து பாதி வேலை முடிந்திருந்த ஒரு வண்டியைக்கூட அப்படியே கயிறு கட்டி இழுத்துப் போனார்கள்.

அடுத்த வியாழக்கிழமை டேனியல் ஆத்தப்பனின் நிட்டிங் கம்பெனிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"நான் பழைய சாமான் மாட்டினேன்னு பொங்கலூர்ல சொன்னீங்களாமுங்க ஐயா."

"சொன்னேன். இல்லீங்கறயா?"

"இல்லீங்க. புதுசுதானுங்க மாட்டினேன். அது ஏன் கெட்டுச்சுன்னு இன்னைக்குக் கண்டுபிடிச்சுச் சொல்றேன். தப்பு எம்மேலன்னா ஷெட்டைப் பூட்டிக்கறேன். எம்மேல இல்லீன்னா, எங்க அதைச் சொன்னீங்களோ அங்கயே இதையும் சொல்லோணுமுங்க."

அந்த வாசலில் நின்று ஆத்தப்பனிடம் இதுவரை யாரும் நிபந்தனை பேசியதில்லை. உள்ளேயிருந்த மகன் தரணி விருட்டென்று எழுந்தான். "யார்கிட்டப் பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறயா?"

"நீ உக்காரு," என்றார் ஆத்தப்பன். பிறகு டேனியலைப் பார்த்து, "சரி. சொல்றேன். இது என் வாக்கு," என்றார். இவனால் என்ன கண்டுபிடித்துவிட முடியும் என்ற தைரியமும் அதில் கொஞ்சம் இருந்தது.

டேனியல் ஸ்கேனர் வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, வேல்குமாரை இன்ஜினை ஓட்டச் சொன்னார். திரையில் எண்கள் ஏறி இறங்கின. கொஞ்சம் ரேஸ் பண்ணச் சொல்லி மறுபடி பார்த்தார்.

"இவ்வளவு ரேஸுக்கு இதைப்போல ரெண்டு பங்கு காத்து காட்டோணுங்க. பாதிதான் காட்டுது. காத்து கம்மியா வருதுன்னு நெனச்சு கம்ப்யூட்டரு டீசலைக் கொறைக்குது. அதானுங்க இழுக்க மாட்டேங்குது."

இரண்டு திருகாணிகளைக் கழற்றிச் சென்சாரை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்து வெயிலுக்கு நேராகக் காட்டினார். காற்றை அளக்கும் மெல்லிய தகட்டின் மேல், குழந்தையின் காது முடியைப் போல வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. சாமானின் பக்கவாட்டில் கம்பெனி அச்சடித்த போன மாதத் தயாரிப்புத் தேதியும், அதன் கீழே பதினெட்டு நாளைக்கு முன்பு டேனியலே கீறி வைத்த மாட்டிய தேதியும் இருந்தன.

"சாமான் புதுசுதானுங்க. பஞ்சு எப்படி உள்ள போச்சுங்கறதுதான் கேள்வி."

அடுத்தது காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர். மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்துத் தைத்த பலகை போன்றது. ஷோரூமிலிருந்து வந்ததைப் போல வெளுப்பாக இருந்தது. ஆத்தப்பனின் முகம் தெளிந்தது.

"பாத்துக்க. எங்க ஊட்டு வண்டியில அழுக்கு இருக்காது. வாராவாரம் திங்கக்கிழமை ஊதிருவோம்."

"எதுலீங்க ஊதறீங்க?"

"இதென்ன கேள்வி? நிட்டிங் மெஷின்ல பஞ்சு ஊதறோமே, அந்தக் கம்ப்ரஸர் பைப்புலதான்."

டேனியல் ஃபில்டரை எடுத்துக்கொண்டு நூல் மூட்டை அடுக்கியிருந்த இருட்டறைக்குள் போனார். ஆத்தப்பனும் பின்னால் போனார். டேனியல் போன் வெளிச்சத்தை ஃபில்டருக்குப் பின்னால் பிடித்தார். ஏழெட்டு இடத்தில் ஊசி முனையளவு வெளிச்சம் கசிந்தது. ஓரத்தில் ஒரு மடிப்பு சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது.

"இது காகிதமுங்க ஐயா. மெஷினு இரும்பு, அது தாங்கும். இது தாங்காது. கார் நிக்கற எடத்தையும் பாருங்க. நிட்டிங் ஷெட் ஃபேன் தள்ளற பஞ்செல்லாம் அது மேலதான் வந்து உழுகுது. எத்தனை சென்சார் மாட்டினாலும் பத்து நாள்தானுங்க."

வேல்குமார் வாசலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊதியவன் அவன். ஊதச் சொன்னவர் ஆத்தப்பன். சொன்னதோடு நிற்கவில்லை, திங்கட்கிழமைதோறும் பக்கத்திலேயே நிற்பார். ஒருமுறை அவன் "போதுமுங்க, காயிதம் பிஞ்சுருமாட்ட இருக்குது" என்றதற்கு, "சொன்னதைச் செய்யடா" என்று அதட்டியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

டேனியல் வெளிச்சத்தை அணைத்தார். "எம்பக்கமும் ஒண்ணு இருக்குதுங்க. மொதல் தடவையே நான் இப்படிப் பாத்திருக்கோணும். கழட்டினேன், பளிச்சுனு இருந்துச்சு, திருப்பி மாட்டிட்டேன். அது என் தப்புதானுங்க."

மாலைக்குள் புது ஃபில்டரும் புது சென்சாரும் மாட்டியாகிவிட்டது. ஊத்துக்குளி வரை ஓட்டிப் பார்த்தார்கள். பாலத்து ஏற்றத்தில் வண்டி முன்போலச் சீறிக்கொண்டு ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை ஆறுச்சாமி வீட்டில் புது ஜோடிக்கு விருந்து. கல்யாணத்துக்கு வந்த அதே கூட்டம்தான். கிளம்பும்போது தரணி அப்பாவைத் தனியாக இழுத்தான்.

"அவனே அவந்தப்புன்னு ஒத்துக்கிட்டானுங்கப்பா. அதைச் சொன்னாப் போதும். இல்லாட்டி வேல்குமாரு ஊதிக் கிழிச்சுட்டான்னு சொல்லுங்க. அதொண்ணும் பொய்யில்லையே."

"பொய்யில்லை," என்றார் ஆத்தப்பன். பிறகு டேனியலுக்குப் போன் போட்டு, "நீயும் வா. உன் காதால கேட்டுக்க," என்றார்.

பந்தியில் டேனியல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சாதம் பரிமாறியதும் ஆத்தப்பன் தொண்டையைச் செருமினார். பேச்சு நின்றது.

"அன்னைக்கு டேனியலைப் பத்தி ஒண்ணு சொன்னேன். அவம்மேல தப்பில்லை. வண்டிய அவங்கிட்டயே தைரியமா உடலாம்."

சொல்லிவிட்டார். வாக்கு தீர்ந்தது. அவர் சாதத்தைப் பிசையக் கை வைத்தார்.

"மச்சானுக்குப் பெரிய மனசுங்க!" என்றார் ஆறுச்சாமி. "அவம்பொழப்புப் போயிரக் கூடாதுன்னு உட்டுட்டாரு பாருங்க. வேற யாரா இருந்தாலும் சும்மா உடுவாங்களா?"

"அதானே," என்றார்கள் பலரும். கரண்டியோடு நின்ற ஒரு பெரியவர் டேனியல் பக்கம் திரும்பி, "ஐயா மன்னிச்சு உட்டுட்டாரு. இனிமேலாவது நல்ல சாமானா மாட்டு கண்ணு," என்றார்.

டேனியல் நிமிர்ந்து ஆத்தப்பனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எல்லாம் முடிந்துபோயிற்று என்ற பார்வை. இலையை ஓரத்திலிருந்து மடிக்கத் தொடங்கினார்.

ஆத்தப்பனுக்கு ஒரு கணம் அது இனிக்கத்தான் செய்தது. தப்பு செய்தவர் அவர். புகழும் அவருக்கே வந்து சேர்கிறது. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டால் போதும், ஊரே அவரை இன்னும் ஒரு படி மேலே வைக்கும். ஆனால் மன்னித்தவர் என்ற பெயரோடு எழுந்தால், அன்று சொன்ன பொய் மெய்யாகிவிடும். அவருடைய அப்பா சொல்லி நட்ட எல்லைக் கல்லை இன்றுவரை யாரும் நகர்த்தியதில்லை. அந்த வீட்டு வார்த்தையா இது?

அவர் எழுந்து நின்றார். சோற்றுக் கையோடு அவர் பந்தியில் எழுந்ததை யாரும் பார்த்ததில்லை.

"மாப்பிள்ளை, நான் யாரையும் மன்னிக்க வரல. டேனியல் மாட்டினது புதுச் சாமான். அதைக் கெடுத்தது நான். கம்ப்ரஸர்ல ஃபில்டரை ஊதச் சொன்னேன். வேல்குமாரு வேண்டாமுன்னான், அதட்டி ஊத வெச்சேன். காயிதம் கிழிஞ்சு பஞ்சு உள்ள போயிருச்சு. ஒண்ணும் தெரியாம அவரை ஏமாத்தறவன்னு சொன்னேன். நான் சொன்னது பொய்."

ஆறுச்சாமி சும்மா இருக்கிற ஆளில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப அன்னைக்குச் சீரு நேரத்துக்கு வராமப் போனது..."

"என்னாலதான்."

சமையல் கட்டு வாசலில் நின்றிருந்த தங்கை நஞ்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கோ ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். இன்னொருவரால் அதுவும் முடியவில்லை, வாய்விட்டே சிரித்துவிட்டார். இனி எந்த விசேஷத்துக்குப் போனாலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று ஆத்தப்பனுக்குத் தெரிந்தது. உட்கார்ந்தார். முதுகு வளையவில்லை. "ரசம் கொண்டா," என்றார்.

கரண்டிப் பெரியவர் டேனியலின் இலைக்கு முன்னால் குனிந்தார்.

"ஏம்ப்பா, எங்க வண்டியும் ஒரு மாசமா ஏத்தத்துல திணறுது. நாங்களும் ஊதறதுதான்."

டேனியல் இலையை விரித்துவிட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல கொண்டாங்க. சோறு இன்னுங் கொஞ்சம் வைங்க."