மாவுக்கட்டு பிரித்த கால்

சனிக்கிழமை காலை தேவாலயத்தின் ஆர்கன் மாடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஆர்கன் வாசிக்கும் மென்னோ ஹூக்ஸெமா, அவர் மனைவி ஃபென்னா, சபை மூப்பர் ஹார்ம் போல்ட். நான்காவதாக ஒருவரைச் சேர்த்துச் சொல்பவர்கள் அங்கே இல்லாதவர்கள்.

ஆர்கன் முன்னிருந்த பெஞ்சு, மென்னோவின் தாத்தாவும் அப்பாவும் அமர்ந்து வாசித்தது. உறைந்த கால்வாயில் சறுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தபோதும் அவர் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குளிர்காலம் முழுக்க இடது காலில் மாவுக்கட்டோடு, வெளியே நீண்ட கால்விரல் நுனியால், ஆர்கனில் காலால் வாசிக்கும் கீழ்க்கட்டைகளை மிதித்தார். ஒரு சுரம் பிசகவில்லை. நேற்றுத்தான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள்.

இன்று அந்தக் கால், குறிவைத்த கட்டையைத் தாண்டி அடுத்ததில் விழுந்தது. மறுபடியும் தாண்டியது.

"கட்டோட இருந்தப்ப பிசகல, பிரிச்சதும் பிசகுது. வயசு அந்தக் கட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சா மென்னோ?" என்றார் ஹார்ம். "நாளைக்கு என் மருமகனை உட்கார வெச்சிடலாமா? அவன் ரெடியாத்தான் இருக்கான்."

மென்னோ முதுகை வளைக்கவில்லை. நிறைந்த பால்கேன் என்று நினைத்துக் காலியானதைத் தூக்கினால் கை மேலே பறக்கும். கனத்த காலை வீசப் பழகிய இடுப்பு, இப்போது லேசான காலையும் அதே பலத்தோடு வீசுகிறது. இதில் வயது எங்கே வந்தது?

"பாரத்தைத் திருப்பிக் குடுத்துட்டா போச்சு," என்ற ஃபென்னா, தன் சாம்பல் நிறக் காலுறையைக் கழற்றினாள். மீன்பிடிக்கப் போவதற்காக மென்னோ தன் கோட்டுப் பையில் வைத்திருந்த தூண்டில் ஈயக்குண்டுகளை எடுத்து அதற்குள் போட்டாள்.

"எங்க குடும்பத்துல யாரும் கால்ல மூட்டை கட்டிக்கிட்டு இங்க உட்கார்ந்ததில்ல."

"தப்பா வாசிச்சும் உட்கார்ந்ததில்ல. நீட்டு காலை."

நீட்டினார். அடுத்த முறை கால் சொன்ன இடத்தில் இறங்கியது. அடித்தொனியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஹார்ம் இன்னும் வேகமாக வாசிக்கச் சொன்னார், அப்போதும் பிசகவில்லை.

"சரி, நாளைக்கு ஒன்பதரைக்கு வந்துடு," என்று தொப்பியைப் போட்டுக்கொண்டார் ஹார்ம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போதே, ஹூக்ஸெமா மரச்செருப்போடு ஆர்கன் வாசித்தார் என்று ஊரில் பேச்சு. மரச்செருப்பு அல்ல. துடைத்து மெருகேற்றிய கறுப்புத் தோல் காலணி. கணுக்காலைச் சுற்றி, இறுக முடிச்சிட்ட ஃபென்னாவின் காலுறை.