இரண்டு விமானங்களுக்கு நடுவே ஒரு வீடு

ஒரு நாட்டுக்குள் காலடி எடுத்து வைக்காமலே, அந்த நாட்டில் குடியிருக்கும் மகள் கையால் சாப்பிட்டு, பேத்தியோடு கண்ணாமூச்சி ஆடி, ஏப்பமும் விட்டுத் திரும்பியவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். சந்திரனுக்குப் போனவர்கள்கூட இறங்கத்தான் செய்தார்கள். நான் இறங்கவே இல்லை.

"அத்தான், புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்பான் மச்சான். என் மனைவியின் தம்பி, மருந்துக்கடை வைத்திருக்கிறான். நான் தும்மினேன் என்றாலும் சாட்சி கேட்பான். அவள் கண்ணை மூடிய பிறகு என் வீட்டு அழைப்புமணியை அழுத்துகிற ஒரே விரல் அவனுடையது. அதனால் பொறுத்துக்கொள்கிறேன்.

நர்ஸ் வேலைக்குப் போன மகளுக்கு அங்கேயே குழந்தை பிறந்து, அது பேசவும் ஆரம்பித்துவிட்டது. நான் பேத்தியைத் தொட்டதில்லை. செல்போன் கண்ணாடியைத்தான் தடவியிருக்கிறேன். விசாவுக்கு இரண்டு தரம் மனுப் போட்டேன். இரண்டு தரமும் ஒரே பதில்: தனியாக வசிக்கிறார், திரும்பிப் போவார் என்று நம்பக் காரணமில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தலையணை. அந்த அதிகாரி எப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான் என்று திகைத்துவிட்டேன்.

குடிநீர் வாரியத்தில் ஆயுசைக் கழித்தவன் நான். ஒரு தெருவுக்குள் நுழைந்த தண்ணீர், எந்த வீட்டுக்கும் போகாமல் குழாய்க்குள்ளேயே ஓடி அடுத்த ஊருக்குப் போய்விடும். மனுஷனும் அப்படிப் போனால் என்ன என்று பொறி தட்டியது. விசா கேட்காத வேறொரு நாட்டுக்கு டிக்கெட் போட்டு, மகள் ஊரில் விமானம் மாறுவது!

விதிகளைப் படித்தேன். படித்த வேகத்தில் மூக்குக்கண்ணாடி உருகி வழிந்தது. அங்கே விமானம் மாறுகிறவருக்கு விசா வேண்டாம். ஆனால் குடியேற்றச் சோதனையைத் தாண்டக் கூடாது. தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுக்க வெளியே போக வேண்டும். வெளியே போக விசா வேண்டும். ஆகவே ஒரே டிக்கெட். இரண்டு விமானமும் ஒரே டெர்மினலா என்று கம்பெனிக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டேன். கடைசியில் அங்கிருந்த பெண், நான் தொண்டையைச் செருமியதுமே "ஒரே டெர்மினல்தான் சார்" என்றாள்.

மகளுக்கு ஒரு நாள்தான் லீவு. அவள் குழந்தையோடு பக்கத்து நாட்டுக்கு மலிவான டிக்கெட் எடுத்து, சோதனையைத் தாண்டி உள்ளே வந்து, என்னோடு இருந்துவிட்டு, பறந்து போய் அன்றே திரும்புவதாக ஏற்பாடு.

"நடக்கவே நடக்காது அத்தான். பிடிச்சு உள்ள வச்சிருவாங்க."

"வைக்கட்டுமே மச்சான். வெளிய போங்கன்னு சொல்லாம இருந்தா சரி."

விமானம் மகள் ஊரில் போய் நின்றது. எல்லாம் விசாரித்த நான் ஒன்றை விட்டிருந்தேன். மாறுகிறவர்கள் இருப்பது கீழ்த்தளம், கிளம்புகிறவர்கள் இருப்பது மேல்தளம். நடுவில் கயிறு கட்டி ஒரு காவலாளி. உயரம் பனைமரம், மீசையில் இரண்டு பேர் ஊஞ்சல் ஆடலாம். உன் விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, கீழேயே உட்கார் என்று கையைக் காட்டினான். எனக்கும் அவனுக்கும் பொதுவாக இருந்தவை ஏழெட்டு வார்த்தைகள். நல்லவேளை, அவற்றில் 'மகள்' இருந்தது. அதைச் சொல்லி மேலே காட்டினேன். கைப்பிடிக் கம்பி வழியாக ஒரு சின்ன முகம் துருத்திக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தான். கயிற்றை அவிழ்த்தான்.

நாற்காலி வரிசைதான் எங்கள் கூடம். தூணுக்குப் பின்னால் சமையலறை. மகள் கொண்டுவந்த சோறு வந்து சேர்ந்தது. ஊற்றிக்கொள்ள வேண்டியதைத் திரவம் என்று சோதனையில் பிடுங்கிவிட்டார்களாம். வெறும் சோற்றை அண்டா அண்டாவாகச் சாப்பிட்டேன். டிராலிகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர்கள் விமானத்தை முதலில் அழைத்தார்கள். டாட்டா காட்டிவிட்டு, விசில் அடித்தபடி என் வழியில் போனேன். போய்ச் சேர்ந்த நாட்டில் என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். லாட்ஜ் ஃபேனைப் பார்த்தேன்.

"விசில் அடிச்சது ஒண்ணுதான் நம்புற மாதிரி இருக்கு," என்றான் மச்சான். மகள் அனுப்பிய போட்டோவைக் காட்டினேன். "இப்பல்லாம் கம்ப்யூட்டரே ஒட்டிக் குடுக்குது. நீங்க எடுத்தது எங்க?"

"என் கை காலியா இருந்தாத்தானே? ஒண்ணுல பேத்தி, ஒண்ணுல சோறு. நீ என் மகளையே கேளேன்."

"அவ யாரு பெத்த மக? அதே வாயி."

ஞாயிற்றுக்கிழமை பேத்தி வீடியோவில் வந்தாள். "தாத்தா, ஏன் இன்னிக்கு உங்க வீட்ல பிளேனே காணோம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் போனைப் பிடுங்கினான். "தாத்தா வீடு எங்கம்மா இருக்கு?"

"ஏர்போர்ட்ல! நிறைய்ய்ய சேர் இருக்கும். தாத்தா டிராலிக்குப் பின்னாடி ஒளிஞ்சாரு, நான் கண்டுபிடிச்சிட்டேன். நாங்க பிளேனுக்குப் போற பஸ்ல ஏறினப்போ கண்ணாடில மூக்க அழுத்திக்கிட்டு நின்னாரு. மூக்கு சப்பையாப் போச்சு! பஸ் போயிட்டே இருக்கு, அவரு அப்படியே நிக்கிறாரு. எனக்கு ஒரே சிரிப்பு."

அவள் போன பிறகும் மச்சான் போனைக் கீழே வைக்கவில்லை. இருந்த ஒரே நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான்; நான் கட்டில் ஓரத்தில். என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விசில்தான் பொய்யி," என்றான் கடைசியில். "மத்ததெல்லாம் நடந்திருக்கு, அத்தான்."